ஏ.சி. அப்புறம், எர்த் முதலில்

பங்குனி பிறந்துவிட்டால் என்னிடம் வருகிற கேள்விகள் மாறிவிடும். மற்ற மாதங்களில் வாரிசு சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று வருவார்கள். பங்குனி, சித்திரையில் கரண்ட் விஷயம். "சார், வீட்டில் ஏ.சி. போடப் போறோம். ஈ.பி.யில் எத்தனை கிலோவாட்டுக்கு எழுதிக் கொடுக்கணும்? சிங்கிள் ஃபேஸ் போதுமா, த்ரீ ஃபேஸ் கேட்கலாமா?" ரிட்டயர் ஆன குமாஸ்தா என்றால் எல்லா ஆபீஸ் விண்ணப்பமும் எழுதத் தெரிந்தவன் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எழுதிக் கொடுக்கிறேன். கூடவே நானும் ஒன்று கேட்பேன். "உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?"

"இருக்கு சார், கொல்லையில பைப் நிக்கிது" என்பார்கள். பைப் நிற்பது எனக்கும் தெரியும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் வரை பழைய வீட்டுக் கொல்லைகளில் அந்தப் பைப் நின்றுகொண்டுதான் இருக்கிறது. தரைக்குக் கீழே அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதல்லவா விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டுக்காரர்கள் ஏ.சி.க்கு என்று எடுத்து வைத்திருக்கிற பணத்தில் முதல் பங்கு எர்த்துக்கும், வயருக்கும், ஆர்.சி.சி.பி. என்கிற சின்ன ஸ்விட்சுக்கும் போக வேண்டும். மிச்சம் இருந்தால் ஏ.சி. இல்லாவிட்டால் அடுத்த கோடைக்கு வாங்கிக்கொள்ளலாம். இப்படிச் சொல்வதால் எனக்குக் கஞ்சன் என்ற பெயர் உண்டு. என் சம்பந்தியே சொல்லியிருக்கிறார்.

நான் எலெக்ட்ரீசியன் இல்லை, இன்ஜினியரும் இல்லை. படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மீடியம். பிழைத்தது ராமநாதபுரம் ஜில்லாவில், வருவாய்த் துறையில். இரண்டுக்கும் நடுவில் நடந்தது தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. பௌதிக வாத்தியார் ஆம்பியரை 'ஆம்பேர்' என்றுதான் சொல்வார். 1881-ல் பாரிசில் கூடிய மின்சார மாநாட்டில்தான் அந்த விஞ்ஞானியின் பெயரை அளவைக்கு வைத்தார்கள் என்பார். மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை எந்தப் பக்கம் திருப்பும் என்று நினைவு வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழியும் உண்டு. கம்பியின் மேல் ஒரு மனிதன் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் அவன் காலில் நுழைந்து தலை வழியாக வெளியே போகும். அவன் ஊசியைப் பார்த்தபடி இருந்தால், இடது கை நீட்டிய பக்கம் ஊசியின் வடமுனை போகும். 'போனோம் தாம்பேர்', ஆம்பேரின் மனிதன் என்று அதற்குப் பெயர். நாங்கள் சிரித்துக்கொண்டே படம் போட்டோம்.

வேலைக்கு வந்த பிறகு அந்த மனிதனை வேறு விதமாகப் பார்க்க நேர்ந்தது. மின்சாரம் தாக்கி இறந்தால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு உதவி கேட்டு எழுதுவார்கள். சி.ஆர்.பி.சி. 174-ல் போட்ட முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, வாரிசு சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எல்லாம் கோப்பில் இருக்கும். வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்து மேலே அனுப்புவது என் வேலை. எத்தனை கோப்பு என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் எழுத்து ஒரே மாதிரி இருக்கும். துணி காயப்போடும் இரும்புக் கம்பி. ஈரத் தரையில் நின்று கிரைண்டரைத் தொட்டது. மோட்டார் ஸ்விட்ச். மழை நாளில் தகரக் கதவு. பெரும்பாலும் பெண்கள், அல்லது அவர்களைப் பிடித்து இழுக்கப் போனவர்கள். மின் கம்பம் சாய்ந்து, லைன் அறுந்து என்று வருவது தனி. நான் சொல்வது வீட்டு மின்சாரம், வீட்டுக்குள் செய்த வேலை.

அந்தக் கோப்புகளில் ஒரு தகவலுக்கு மட்டும் இடம் கிடையாது. அந்த வீட்டில் எர்த் இருந்ததா, இருந்தால் ஏன் காப்பாற்றவில்லை என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சரி, வயருக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகள் எந்தக் கணக்கில் வயரிங் செய்யப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள். 1964 புயலுக்குப் பிறகு கட்டியதோ, அதற்கும் முன்னால் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதோ, கரண்ட் வந்தபோது வீட்டுக்கு நாலைந்து குண்டு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. கூட்டினால் 500 வாட் வராது. தேக்குப் பட்டை அடித்து, அதன் மேல் ரப்பர் உறை போட்ட வயரைத் தகரக் கிளிப்பால் பிடித்திருப்பார்கள். கொஞ்சம் பின்னால் வந்த வீடு என்றால் அலுமினிய வயர். செம்பு கிடைக்காத காலம் அது. 500 வாட்டுக்கு 230 வோல்ட்டில் இரண்டே கால் ஆம்பியர்கூட ஓடாது. அந்த வயர் அதற்குத் தாராளம். செய்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்றைக்கு அதே வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. ஓடினால் அதற்கு மட்டும் ஏழெட்டு ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 2000 வாட், ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. குளியலறை ஹீட்டர் இன்னொரு ஒன்பது. உடனடியாகச் சூடாக்கும் சின்ன ஹீட்டர் என்றால் பதின்மூன்று. இஸ்திரிப் பெட்டி நாலரை. தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு, கிளம்பும் நேரத்தில் அதைப் போல் சில மடங்கு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, உண்மை. ஆனால் தீபாவளிக்குப் பிள்ளைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிற காலையில் ஓடும்.

அப்போது எம்.சி.பி. விழும். எலெக்ட்ரீசியனுக்கு ஆள் போகும். அவர் வந்து 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போட்டுவிட்டுப் போவார். "இனிமே விழாது சார்." விழாதுதான். முன்பு ஃபியூஸ் காலத்தில் பீங்கான் கேரியரில் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எம்.சி.பி. காப்பாற்றுவது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் இருக்கிற வயரை. வயர் தாங்குகிற அளவுக்கு மேல் எம்.சி.பி. போட்டால் அது காவலுக்கு வைத்த நாயைக் கட்டிப்போட்ட மாதிரி. 32 ஆம்பியர் எம்.சி.பி. 46 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை பேசாமல் இருக்கலாம், தர விதியே அதை அனுமதிக்கிறது. அந்த ஒரு மணி நேரம் சுவருக்குள் இருக்கிற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் என்ன பாடு படும்?

நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிற கணக்கு இது. எல்லாம் செம்பு வயர். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., அதற்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. சமையலறைப் பிளக்குக்கு 2.5, அதற்கு 16. ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக 4, அதற்கு 20. மீட்டரிலிருந்து மெயின் போர்டு வரை 6 அல்லது 10. ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்டுக்கு மேல், 800 வாட்டுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வயரிங் முறைகளில் நெடுங்காலமாக இருக்கிற கணக்கு. ஏ.சி. வயரில் வேறு எதையும் கோக்கக் கூடாது. "பக்கத்துல ஒரு பிளக் எடுத்துக்கலாமே சார்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடற்கரைக்கு என்று இன்னொரு தொல்லை உண்டு. மதுரைக்காரருக்கு இது இல்லை. நம் காற்றில் உப்பு. விசைப்படகு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், படகு வயரின் முனை எத்தனை மாதத்தில் பச்சை பூக்கும் என்று. வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக. களிம்பு ஏறிய இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு. ஒரு இணைப்பில் அரை ஓம் ஏறி, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் அங்கே மட்டும் 50 வாட் சூடு. பழைய குண்டு பல்பு ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடி வைத்தது போல. பிளக் பாயிண்ட் பழுப்பாக மாறியிருந்தாலோ, மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வந்தாலோ அதுதான். நம் ஊரில் மீன் வாடையை யார் கண்டுகொள்கிறார்கள்! அலுமினியத்தையும் செம்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தால் இன்னும் மோசம். உப்பு ஈரத்தில் செம்பு தொடுகிற இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

காரைக்குடி செக்ரி விஞ்ஞானிகள் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் வந்து நிலையம் வைத்திருக்கிறார்கள். சும்மா வைக்கவில்லை. பாம்பன் பாலத்துக்கு விடாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்ததை நாம் எல்லோரும் ரயில் ஜன்னலில் பார்த்தவர்கள். அந்தப் பாலத்துக்கு ஆள் இருந்தது. கொல்லையில் நிற்கிற எர்த் பைப்புக்கு யார் இருக்கிறார்கள்?

அது துத்தநாகம் பூசிய இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய். அதைச் சுற்றி அந்தக் காலத்தில் கரியும் உப்பும் கொட்டினார்கள். மண் ஈரமாக இருக்கும், மின்சாரம் சுலபமாக இறங்கும் என்று. இங்கே மண்ணே உப்பு, அதன் மேல் இன்னும் உப்பு. சில வருடங்களில் தரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே குழாய் சல்லடையாகிவிடும். குழாயிலிருந்து வீட்டுக்குள் போகிற கம்பியின் போல்ட் அதற்கும் முன்னாலேயே போயிருக்கும். எங்கள் வீட்டை மாற்றியபோது தோண்டினார்கள். மேலே நிற்கிற பைப்பைத் தம்பி ஒருவர் கையால் பிடித்து ஆட்டினார், கையோடு வந்துவிட்டது. கீழே செம்மண் நிறத்தில் ஒரு கறை மட்டும் இருந்தது.

இப்போது ஒரு கணக்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம். ஃபிரிட்ஜின் உடம்பில் ஃபேஸ் வயர் உரசிவிட்டது என்று வையுங்கள். மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போய் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். நம் குழி, டிரான்ஸ்பார்மர் குழி எல்லாம் சேர்ந்து தடை 10 ஓம். நல்ல எர்த் என்று பாராட்டத்தக்க அளவு. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. குழி கெட்டுப்போய் 50 ஓம் ஆனால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் விழாது. ஃபிரிட்ஜ் உடம்பில் கரண்ட் நிற்கும், மீட்டர் மணிக்கு ஒரு யூனிட் வீதம் ஓடும், யாராவது ஈரக் கையோடு திறக்கும் வரை வீட்டில் எந்த அறிகுறியும் இருக்காது. எர்த் இருக்கிற வீட்டிலும் ஆள் போவது இப்படித்தான். எர்த் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. இங்கேதான் வருகிறது. சில கடைகளில் இன்னும் இ.எல்.சி.பி. என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு குறைந்தாலும் எங்கோ ஒழுகுகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். 50 ஓம் எர்த்திலும் அது வேலை செய்யும். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டவர் உடம்பில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடலாம், இதயம் நிற்க அது போதும். நான் கோப்பு கட்டிய துணிக் கம்பி, கிரைண்டர் எல்லாமே இந்த ஸ்விட்ச் தடுத்திருக்கக்கூடியவை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு மரப் பலகை மேல் நின்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. லோடு கூடினாலும் விழாது, அது எம்.சி.பி. பார்க்கிற வேலை.

பிரான்சில் புது வீட்டுப் பிளக்குகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் காவலை 1991-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். என் அண்ணன் மகள் பாரிசுக்கு வெளியே இருக்கிறாள். அவர்களுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. வீட்டுக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். 3, 6, 9 என்று படிப்படியாகக் கிலோவோல்ட்-ஆம்பியர். பாதிப் பேர் 6 வாங்கிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அவனும் துணி மெஷினும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் மீட்டரே வீட்டை இருட்டாக்கிவிடும். "சித்தப்பாவுக்கு ஏ.சி. வேணும்னா இங்க வந்து பார்க்கச் சொல்லு" என்று கேலி செய்வாள். கேலி இருக்கட்டும். அவர்கள் எல்லையை மீட்டர் சொல்லிவிடுகிறது. நாம் ஈ.பி.யில் இரண்டு கிலோவாட் என்று எழுதிவிட்டு ஆறு கிலோவாட் இழுத்தாலும் மீட்டர் வாய் திறப்பதில்லை. சுவருக்குள் இருக்கிற வயர்தான் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆர்.சி.சி.பி. பற்றி எனக்கு வருகிற ஆட்சேபணை ஒன்றுதான். "மாட்டினோம் சார், மழை பெய்தால் விழுந்துகொண்டே இருக்கிறது, கழற்றச் சொல்லிவிட்டோம்." மழையில் விழுகிறது என்றால் சுவர் நனைந்து வயர் ஒழுகுகிறது என்று பொருள். இல்லாவிட்டால் எவரோ எர்த் வயரை நியூட்ரலாகக் கோத்திருக்கிறார். பழைய வீடுகளில் இது சாதாரணம், நியூட்ரல் அறுந்த இடத்தில் எர்த்தைக் கோத்து லைட் எரிய வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் மருந்து வயரை மாற்றுவதுதான். ஒரே நாளில் முழு வீட்டையும் மாற்ற முடியாவிட்டால் ஈரம் படுகிற இடங்களில் தொடங்குங்கள். குளியலறை, சமையலறை, கொல்லை, மோட்டார். திண்ணை லைட் காத்திருக்கும்.

த்ரீ ஃபேஸ் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 4 கிலோவாட்டுக்கு மேல் போனால் த்ரீ ஃபேஸ் வாங்க வேண்டியதுதான், அது விதி. ஆனால் நம் ஊரில் அதை வாங்குவது பாதி, ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்பதற்காக. சேஞ்சர் ஸ்விட்சைத் திருகி மூன்று ஃபேஸ் லோடையும் ஒரு ஃபேஸ் வயரில் ஏற்றுவார்கள். அதோடு, களிம்பு பிடித்து நியூட்ரல் கழன்றால் வீட்டுக்குள் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-க்குப் பக்கத்தில் ஏறலாம். டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே மாலையில் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு. வயதான தம்பதி இருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, படுக்கையறையில் ஒரு ஏ.சி. போதும் என்றால், ஏ.சி. ஓடும்போது ஹீட்டரும் மோட்டாரும் போடாமல் இருந்தால் சிங்கிள் ஃபேஸிலேயே நிம்மதியாக இருக்கலாம். பிள்ளைகள் வருகிற பத்து நாளுக்காக வருடம் முழுவதும் பெரிய ஏற்பாடு எதற்கு?

கடைசியாக அரசாங்கத்திடம் ஒன்று கேட்க வேண்டும். புதிய இணைப்பு கேட்பவர் இந்த ஒழுக்குக் காவல் ஸ்விட்சைப் பொருத்தியிருக்க வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் ஆபத்து புது வீட்டில் குறைவு, பழைய வீட்டில்தான் அதிகம். அங்கே யாரும் வந்து பார்ப்பதில்லை. 2006-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு கலர் டி.வி. வந்தது. 2011-லிருந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. 2016-லிருந்து நூறு யூனிட் இலவசம். யாருடைய ஆட்சி என்ற பேச்சு எனக்கு வேண்டாம், வாங்கிக்கொண்டவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. அந்தக் கிரைண்டரின் மூன்று பின் பிளக்கை எந்த ஓட்டையில் சொருகுவார்கள், அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டையில் சொருகிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கிரைண்டர் கொடுத்த கையால் இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு வருகிற ஒரு ஆர்.சி.சி.பி.யையும், நல்ல செம்பு எர்த் கம்பியையும், முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சிறிய வீடுகளுக்காவது கொடுத்து மாட்டிவிட்டால் என்ன? நிவாரண நிதியில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற தொகையில் ஒரு தெருவுக்கே மாட்டலாம்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. பவளக்கல் சுவரையும் பழைய சுண்ணாம்புச் சுவரையும் வயர் புதைக்க வெட்டாதீர்கள், காரை பாளம் பாளமாக விழும், உப்பு ஈரமும் உள்ளே போகும். சுவருக்கு மேலேயே பி.வி.சி. கேசிங் அடித்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது என்று என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை, இப்போது அதே நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டாள். வேலை முடிந்ததும் லைசென்ஸ் உள்ளவரிடம் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் தடையையும் அளந்து காகிதத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தருகிற ரிப்போர்ட்டும் கிடைக்கும், விலை குறைவு. அது வேண்டாம். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்தினால் விழ வேண்டும். உப்புக் காற்றில் அதுவும் இறுகிப்போகும். எங்கள் வீட்டில் பென்ஷன் வருகிற அன்று அழுத்துகிறோம், அந்த ஒரு நிமிடம் டி.வி. சீரியல் நின்றுபோவதற்கு வசவும் வாங்கிக்கொள்கிறேன்.